லம்பக் குட்டையும் என் முனியாண்டியும்

ஆண்டவன் எனக்கு அழகில் கொஞ்சம் கையை இறுக்கிக்கொண்டு, வாயை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வார்த்தை. அதில் எட்டு என்னைப் பற்றியதாக இருக்கும். இந்த வாயால் எனக்கு வந்த வம்புகளை எழுதினால் நாலு நோட்டு நிறையும். இங்கே எழுதப்போவது ஒன்றைத்தான்.

நாங்கள் சலவைக்காரர்கள். மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில், கிள்ளான் ஆற்றங்கரையில் பதினோரு குடும்பம், பதினோரு துவைகல். ரயில்வே துரைமாரின் வெள்ளைக் கால்சட்டை, ஆபீஸில் எழுதுகிற கிராணிமாரின் கோட்டு, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு எல்லாம் எங்கள் கையில்தான் வெளுத்தன. ஆறு ஒன்றும் கங்கை இல்லை. மேலே ஈயம் தோண்டுகிற சுரங்கங்கள் இருந்தன. மலாய்க்காரர்கள் சொல்லும் பெயரை எங்கள் வாய்க்குத் தக்கபடி மாற்றி லம்பம் என்போம். அந்த லம்பங்களின் சேறு முழுவதும் ஆற்றில்தான் வந்து விழுந்தது. மழைக்கு மறுநாள் துணி அலசினால் கால்சட்டை தேத்தண்ணி நிறத்தில் வரும். சீமையில் இப்போது இந்த நிறம்தான் நாகரிகமாம் என்று ஒரு துரைசானியின் சமையல்காரரிடம் சொல்லி அனுப்பினேன். சமையல்காரர் நம்பினார். துரைசானி நம்பவில்லை.

பிறகு ஒரு பெரிய வெள்ளம் வந்து ஊரே மிதந்தது. அதற்கப்புறம் ஆற்றை நேராக்க வேண்டும் என்று சர்க்காருக்குத் தோன்றியது. எங்கள் துவைகற்கள் அந்த நேர்க்கோட்டின் நடுவில் இருந்தன.

சுகாதாரத் துரை ஒருவர் வந்தார். நல்ல உயரம், காதெல்லாம் சிவப்பு. கூடவே யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர், துரை சொல்வதைத் தமிழில் சொல்ல. செந்தூலுக்கு வடக்கே, ஈயத்தின் விலை விழுந்ததால் மூடிப்போன லம்பம் ஒன்று இருக்கிறது. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குட்டையாகியிருக்கிறது. அங்கே போய்விடுங்கள் என்றார் துரை. ஆறு மாதம் கழித்து வந்து பார்ப்பாராம். தண்ணீர் துணி வெளுக்கும் அளவுக்குத் தெளிந்திருந்தால் பதினோரு குடும்பத்துக்கும் லைசென்ஸ். தெளியாவிட்டால் ஒருவருக்கும் இல்லை.

ரப்பர் தோட்டங்களிலேயே வேலை இல்லை என்று ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. லைசென்ஸ் இல்லாத சலவைக்காரனை யார் விட்டுவைப்பார்கள்? நான் பிறந்தது கிள்ளானில். நாகப்பட்டினத்தில் என்னை இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் திரும்பி நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. பயத்தில் இரண்டு நாள் நான் யாரோடும் சண்டை போடவில்லை. வீட்டுக்காரர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மூட்டை முடிச்சோடு செந்தூலுக்கு அப்பால் போனோம். ஒரு புல் இல்லை. ஈயத்தை அலசி எடுத்துவிட்டுக் கொட்டிய வெள்ளை மணல் ஒரு குன்று உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. வெயிலில் அதைப் பார்த்தால் கண் கூசும், மிதித்தால் கால் பொரியும். அதன் அடியில் பெரிய குட்டை. அதற்கும் கீழே சின்னக் குட்டை ஒன்று. பெரிய குட்டையின் தண்ணீரை ஒரு சொம்பில் மொண்டு பார்த்தேன். சொம்பின் அடி தெரியவில்லை. விரலை விட்டால் விரலும் தெரியவில்லை.

என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பவன்.

"அண்ணி, இதுக்குப் போயி ஏன் மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு? தேத்தாங்கொட்டை இருக்குலா!" என்றான்.

கலங்கல் தண்ணீரைப் பானையில் ஊற்றுமுன் உட்புறம் தேத்தாங்கொட்டையை நாலு இழைப்பு இழைத்தால், கொஞ்ச நேரத்தில் வண்டல் அடியில் தங்கித் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். அவன் ஒரு பானையில் செய்தும் காட்டினான், தெளிந்தது. பானைக்கு ஒரு கொட்டை என்றால் குட்டைக்கு எத்தனை என்று வாயாலேயே கணக்குப் போட்டான். பதினோரு குடும்பமும் தலையாட்டியது. நானும் ஆட்டினேன், அதை மறைப்பானேன்? பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் இருந்த தேத்தாங்கொட்டை எல்லாவற்றையும் வாங்கிவந்து, பெண்கள் நாங்கள் நாலு நாள் அம்மியில் வைத்து அரைத்தோம். கொழுந்தன் வாழைத்தண்டுகளைக் கட்டித் தெப்பமாக்கி, அதன்மேல் நின்று, விழுதைக் குட்டை முழுக்கத் தெளித்தான். இரண்டு தடவை தவறி விழுந்தான். அந்த இரண்டையும் நான் நன்றாகவே ரசித்தேன்.

மறுநாள் காலையில் கரையோரமாக ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் தெளிந்திருந்தது. நாங்கள் குனிந்து குனிந்து பார்த்தோம். என் வீட்டுக்காரர் அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அப்போதுதான் அந்தச் சீனத்துக் கிழவி வந்தாள்.

கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, சுற்றிலும் கறுப்புத் துணி தொங்கும் பெரிய ஓலைத் தொப்பி. முகம் தெரியாது. முதுகு வளைந்து இருந்தது. கையில் டூலாங் என்கிற அகன்ற மரத்தட்டு. எங்களை ஒரு பார்வைகூடப் பார்க்காமல், நாங்கள் பார்த்துப் பூரித்த அதே இடத்தில் இடுப்பளவு இறங்கினாள். அடியிலிருந்த மணலைத் தட்டில் அள்ளினாள், சுற்றிச் சுற்றி அலசினாள். கனமான ஈயப்பொடி தட்டில் தங்கியது. மீதிச் சேறெல்லாம் தண்ணீருக்குப் போயிற்று. என் வீட்டுக்காரரின் முகமும் மீசையும் அதோடு போயின.

லம்பம் மூடிய பிறகு மிச்சம் மீதி ஈயத்தை அலசி விற்றுப் பிழைக்கும் பெண்கள் இப்படிச் சிலர் இருந்தார்கள். அவளுக்கு அதற்குச் சர்க்கார் அனுமதிச் சீட்டு உண்டு. நான் கத்தியபோது அந்தச் சீட்டை எடுத்து, தொப்பிக்குள்ளிருந்து நீட்டிக் காட்டினாள். எனக்கு எங்கே படிக்கத் தெரியும்? தமிழ் எழுத்துகளையே பின்னால்தான் கற்றேன். ஆனாலும் படிப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் போர். அவள் விடியற்காலையில் வருவாள், நான் அதற்கு முன்னால் கரையில் நிற்பேன். எனக்குத் தெரிந்த, கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் பாதி, தமிழில் பாதி திட்டுவேன். அவள் தன் பாஷையில் திட்டுவாள். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாததால் இருவருமே ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்குப் போவோம். தண்ணீர்தான் தெளியவில்லை. துணி துவைக்கச் செந்தூலில் ஒரு கிணற்றிலிருந்து காவடி கட்டித் தண்ணீர் சுமந்தோம். ஆண்களின் தோளெல்லாம் புண்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த யோசனைகளிலேயே இதுதான் பிரமாதம் என்று அன்று நம்பினேன். அவள் இறங்கும் இடத்திலேயே ஒரு முனியாண்டியை வைத்துவிடுவது! ரயில் தண்டவாளத்தின் பக்கம் கிடந்த ஒரு நீளக் கருங்கல்லைக் கொண்டுவந்து நட்டேன். மஞ்சள் பூசினேன், குங்குமத்தைத் தாராளமாக அப்பினேன். அறுத்த எலுமிச்சம்பழம், சூலம், கல்லுக்குச் சுண்ணாம்பில் இரண்டு உருட்டு விழி. வைத்த எனக்கே அந்தப் பக்கம் போகக் கொஞ்சம் உதறல் எடுத்தது.

"அண்ணி, இதப் பாத்தா நானே எறங்க மாட்டேன்," என்றான் கொழுந்தன்.

வீட்டுக்காரர் அன்றைக்குப் பேச வேண்டிய பத்து வார்த்தையில் ஒன்றைச் செலவழித்தார். "வேணாம்," என்றார்.

காலையில் கிழவி வந்தாள். நின்றாள். முனியாண்டியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நான் துணி மூட்டைகளுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் டூலாங்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். நான் துள்ளிக் குதித்தேன். கால்மணி நேரத்தில் அவள் மறுபடி வந்தாள். மூன்று ஊதுபத்தி, ஒரு கிண்ணம் தேத்தண்ணி, இரண்டு ஆரஞ்சுப் பழம். முனியாண்டிக்கு முன்னால் முட்டி போட்டு மூன்று தரம் கும்பிட்டாள். பிறகு தண்ணீரில் இறங்கினாள். அன்று பார்த்து அவளுக்கு அதுவரை கிடைக்காத அளவுக்கு ஈயம் கிடைத்தது.

மறுநாள் எட்டுப் பேர் வந்தார்கள்.

எட்டு ஓலைத் தொப்பி, எட்டு டூலாங், முனியாண்டிக்குப் பதினாறு ஆரஞ்சு. நாங்கள் பதினோரு குடும்பமும் அந்தச் சாமிக்கு அதுவரை ஒரு கற்பூரம் கொளுத்தியதில்லை. குட்டை எருமை புரண்ட சகதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் நான் வெள்ளாவியில் வைத்த துணியாக வெந்தேன். "சாமி வச்ச புண்ணியவதி வர்றா, வழி விடுங்கடி," என்பாள் ஒருத்தி. கல்லைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்றால் மஞ்சளும் குங்குமமும் பூசி நட்டுவிட்டோமே, பிடுங்க எந்தக் கைக்குத் துணிச்சல் வரும்?

துரை வர மூன்றரை மாதம் இருக்கும்போது சீனர் புதுவருஷம் வந்தது. தொப்பிக்காரிகள் ஒருத்தியும் வரவில்லை. ஒரு வாரம் வரமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். நாலாம் நாள் குட்டை உண்மையாகவே தெளிய ஆரம்பித்தது. முழங்கை ஆழத்தில் என் வளையல் தெரிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. நான் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடும்போது குன்றைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளை மணல் நூறு வாய்க்காலாகக் கரைந்து சரிந்து குட்டைக்குள் வந்துகொண்டிருந்தது. அரைமணி நேரத்தில் தண்ணீர் பழையபடி சேறு. உள்ளே ஒரு தொப்பிக்காரி இல்லை, ஒரு தட்டு இல்லை. மழையில் நனைந்துகொண்டே கரையில் நின்றேன். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் நான் நின்றது அன்று ஒருநாள்தான். இத்தனை மாதம் இந்தக் குன்றை விட்டுவிட்டு ஒரு கிழவியின் பின்னால் ஓடியிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது.

புதுவருஷம் முடிந்து முதல் ஆளாகக் கிழவி வந்தாள். முனியாண்டிக்கு ஓர் ஆரஞ்சு வைத்தாள். என்ன நினைத்தாளோ, என் கையிலும் ஒன்றை வைத்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. நான் குன்றைக் காட்டினேன், குட்டையைக் காட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன். அவள் தொப்பிக்குள்ளிருந்து சிரித்தாள். அது அவளுக்கு முன்னாலேயே தெரியும் என்பதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு. என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குன்றின் மறுபக்கம் போனாள்.

அங்கே அவள் குடிசை. குடிசையை ஒட்டி, குன்றின் அடியில் ஒரு கட்டில் அளவுக்குச் சக்கரவள்ளிக் கொடி பச்சைப் பசேல் என்று படர்ந்திருந்தது. மழையில் அந்த இடத்து மணல் மட்டும் அசையவில்லை. அடுப்பைக் காட்டினாள். அடுப்புச் சாம்பலைக் கையில் அள்ளிக் கொடியின் வேரில் போட்டுக் காட்டினாள்.

"அபு," என்றாள். சாம்பல். "சாயா பூஞா சிக்கிட்." என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் விரலை எங்கள் பக்கம் நீட்டி, இரண்டு கையையும் விரித்து, "அவாக் பூஞா பாஞாக்!" என்றாள். உங்களிடம் மலையாக இருக்கிறதே!

இருந்தது. வெள்ளாவி வைக்கிற பதினோரு அடுப்பு இரவும் பகலும் எரிந்து தள்ளிய சாம்பல். அதைக் கொட்ட இடமில்லாமல் நாங்கள் ஒருவர் வாசலில் ஒருவர் கொட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

பேரம் அங்கேயே முடிந்தது. சாம்பல் எங்களுடையது, குன்று முழுக்க நடும் கொடியும் அதில் விளையும் கிழங்கும் அவளுடையது. இனி பெரிய குட்டையில் ஈயம் அலசக்கூடாது, கீழே சின்னக் குட்டைக்குப் போய்விட வேண்டும். கீழ்க்குட்டையில் ஈயம் அவ்வளவு இல்லை. அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் கேட்டேன். அவள் தொப்பியை ஆட்டி ஒத்துக்கொண்டாள். மற்ற ஏழு பேரிடம் என்ன சொன்னாளோ, இரண்டு பேர் காறித் துப்பினார்கள். ஆனாலும் இறங்கிப் போனார்கள். அன்று இரவு எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

மூன்று மாதம் குன்றோடு மல்லுக்கட்டினோம். ஆண்கள் மூங்கிலைப் பிளந்து, தென்னோலை வைத்துப் படிப்படியாகத் தடுப்புக் கட்டினார்கள். குன்றின் அடியில் ஒரு வாய்க்கால் வெட்டி, வடிகிற சேற்றைச் சின்னக் குட்டைக்குத் திருப்பினார்கள். மேலே வடிந்ததில் கொஞ்சம் ஈயப்பொடியும் கீழே போகட்டும் என்று என் வீட்டுக்காரர் வாய்க்காலை நன்றாகச் சரித்தே வெட்டினார். அதை யாரிடமும் சொல்லவில்லை. பெண்கள் நாங்கள் சாம்பலும், துணிக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சித் தண்ணியும், பறித்து வந்த இலைதழையும் கூடை கூடையாகச் சுமந்தோம். கிழவி கொடியை ஒடித்து ஒடித்து நட்டுக்கொண்டே முன்னால் போவாள். நான் நட்டது ஒன்றுகூடச் சரியில்லை என்று பிடுங்கி மறுபடி நடுவாள். என் மாமியார்கூட என்னை அவ்வளவு குறை சொன்னதில்லை. கொழுந்தன் மட்டும், தேத்தாங்கொட்டைதான் இப்போது மெல்ல மெல்ல வேலை செய்கிறது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பாதிக் குன்று பச்சையானபோது மழை பெய்தாலும் குட்டை கலங்கவில்லை.

துரை சொன்ன நாளில் வந்தார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைக் கயிற்றில் கட்டிக் குட்டைக்குள் இறக்கினார். தட்டு இறங்க இறங்கத் தெரிந்துகொண்டே இருந்தது. ஓர் ஆள் ஆழம் போனபிறகுதான் மறைந்தது. துரை தலையை ஆட்டினார். கிராணி நோட்டைத் திறந்தார். யாரோ விசும்பி அழுதார்கள், பார்த்தால் கொழுந்தன்.

பிறகு துரை கீழே பார்த்தார். சின்னக் குட்டையில் ஏழு தொப்பி குனிந்திருந்தது. எட்டாவது தொப்பி குன்றின் மேல், சாம்பல் கூடையோடு. துரை என்னவோ சொன்னார். கிராணி எங்களிடம் திரும்பினார்.

"இது இனிமேல் சலவைக்கு ஒதுக்கின தண்ணியாம். இந்த இடத்தில ஈயம் அரிக்கிற ஆக்கள் ஒருத்தரும் இருக்கக்கூடாதாம். அவையளின்ட சீட்டை இன்றைக்கே வாங்கச் சொல்றார்."

எங்கள் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். நோட்டு திறந்திருந்தது, இன்னும் கையெழுத்து விழவில்லை. இந்த நேரத்தில் வாயைத் திறந்தால் பதினோரு குடும்பத்துக்கும் கப்பல்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் நான் தேங்காய் உடைத்திருப்பேன். கிழவி எங்கள் முகங்களைப் பார்த்தே புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். நான் கிராணியின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அவங்க ஈயம் அரிக்கிறவங்க இல்லீங்க," என்றேன். "எங்க ஆளுங்க. மேல நிக்கிறது என் அக்கா."

கிராணி மூக்குக் கண்ணாடியை இறக்கி, கிழவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை கதைக்கிறீர்? மற்ற ஏழு பேரும் ஆராம்?"

"அவங்களும் அக்காதாங்க."

"உம்மட அப்பாவுக்கு எத்தனை பெண்சாதி?"

"அந்தக் குன்றுல மண்ணு சரியாம பாத்துக்கிறதே அவங்கதாங்க ஐயா. அவங்க போயிட்டா அடுத்த மழைக்கு இந்தத் தண்ணி போயிடும். அப்புறம் துரை தட்ட எறக்கி என்னா பிரயோசனம்? சொல்லுங்க ஐயா, அவருகிட்ட."

கிராணி நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னார். துரையின் காது இன்னும் சிவந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிழவியைக் கைகாட்டி அழைத்து, தன் சட்டைப்பையிலிருந்து அழுக்குக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். எங்கள் ஆள் என்றால் துவைத்துக் காட்டட்டும்!

அவள் துவைகல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. கைக்குட்டையை டூலாங்கில் போட்டாள், குட்டையின் ஓரத்தில் தண்ணீர் மொண்டாள், சுற்றினாள். சுற்று, கவிழ், மறுபடி மொள், மறுபடி சுற்று. கைக்குட்டை தட்டுக்குள் ரங்கராட்டினம் ஆடியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அதைப் பிழிந்து, உதறி, இரண்டு கையாலும் துரைக்கு நீட்டினாள். வெளுத்திருந்தது என்று பொய் சொல்லமாட்டேன், அழுக்கு பாதிதான் போயிருந்தது. துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஈரக் கைக்குட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பதினோரு டோபி, குன்றைப் பராமரிக்க எட்டுப் பெண்கள், கீழ்க்குட்டை அவர்கள் உபயோகத்துக்கு என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனபிறகு, நான் என்ன சொன்னேன் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்: நீ என் கக்கா. அக்கா.

"கக்கா?" என்றாள். தொப்பியைக் கழற்றினாள். அவ்வளவு காலத்தில் அதைக் கழற்றி நான் பார்த்தது அதுவே முதல் தடவை. உனக்கு எத்தனை வயது என்று கேட்டாள். நான் கைவிரல்களை விரித்து இருபத்தொன்பது என்று காட்டினேன். அவள் தன் விரல்களை விரித்தாள். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கிப்போன விரல்கள். இரண்டு முறை பத்தும், அப்புறம் ஒரு நாலும் காட்டினாள்.

தலையில் ஒரு நரை இல்லை. சின்ன முகம். கன்னத்தில் ஒரு பருகூட இருந்தது. என்னைவிட ஐந்து வயது இளையவளை, அந்த முதுகையும் கையையும் மட்டும் பார்த்து ஆறு மாதமாகக் கிழவி கிழவி என்று ஏசியிருக்கிறேன். அழுதுவிட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். அப்புறம் போய் அந்தச் சாம்பல் கூடையை எடுத்துவந்து என் இடுப்பில் வைத்தாள்.

"கக்கா, அங்காட்," என்றாள். அக்கா, நீயே தூக்கு.

கொடியை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் ஏறினாள். நான் கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் ஏறினேன்.